ஏனத்தில் வரும் தமிழ்



இளவேனில் வெயிலில் மரக்காணத்துப் பாத்திகளில் உப்பு விளைகின்றது. அதற்குத் தெற்கே, புதுச்சேரியை ஒட்டிய கோட்டக்குப்பத்தில் இசுலாமியத் தமிழர் பெருந்தொகையினராய் வாழ்கின்றனர். 2021-இல் சித்திரை முதல் நாளன்றே அவர்தம் நோன்பும் தொடங்கிற்று. பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சி, நெறி வேறுபாடின்றி அண்டை வீட்டார் ஏனங்களையும் நிரப்புவது தமிழகத்து நல்வழக்கு.

அக்கஞ்சியோடு வருவன எவை? நல்ல தமிழ்ச் சொற்கள்! 'விரதம்' என்னாது நோன்பு என்பர். 'பண்டிகை' என்னாது பெருநாள் என்பர். வணங்குதல் தொழுகை, வணங்குமிடம் பள்ளிவாசல். அடுக்களையிலோ 'சாதம்' இல்லை, சோறு உண்டு. குழம்பிற்கு ஆணம் என்னும் பழஞ்சொல் உண்டு. 1916-இல் மறைமலையடிகள் தனித்தமிழ் முழக்கம் எழுப்புமுன்னரே தாய்மார் நாவில் நிலைத்தவை இவை.

இன்றோ, எந்நெறியார் வீட்டிலும் பிள்ளைகள் 'ரைஸ்' கேட்கின்றனர். மேடையில் காத்த தமிழ் அடுக்களையில் அழிந்தால் எஞ்சுவது என்ன?

அண்டை வீட்டு ஏனத்தை வெறிதே திருப்புதல் தமிழர் வழக்கன்று. ஆணம் பெற்ற வீடு அச்சொல்லையும் பெறுக. தன் நற்சொல் ஒன்றையும் இட்டுத் திருப்புக! 'சோறு' என்று சொல்லியே பிள்ளைக்கு ஊட்டுக!