கையெழுத்துப் போடுமுன்...
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து இங்கே படித்தவன் நான். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. அந்தப் பட்டமே ஒரு நாள் என்னைத் தலைகுனிய வைத்தது.

1988-ல் அம்மாவுக்கு வயிற்றுவலி. ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "சின்ன ஆபரேஷன்தான், இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார்கள். ஆங்கிலத்தில் அச்சடித்த தாள். படிக்கத் தெரிந்த நான் படிக்காமலே போட்டேன். வீடு திரும்பியதும் அம்மா கேட்டார்: "ஏம்பா, எனக்கு என்னத்த எடுத்தாங்க?" எனக்குத் தெரியவில்லை. வேறொரு டாக்டரிடம் சீட்டைக் காட்டியபோதுதான், கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. எடுத்தது தேவையாகவே இருக்கலாம். ஆனால் அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. நானும்தான். "படிச்ச புள்ள, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான்.

டெல்லியில் 1995-ல் சமீரா கோஹ்லி என்பவர் பரிசோதனைக்காக மயக்க மருந்து ஏற்றுக்கொண்டார். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே தாயாரிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயது வந்த, சுயநினைவுக்குத் திரும்பக்கூடிய நோயாளிக்காகத் தாயே ஆனாலும் சம்மதம் தர முடியாது. பரிசோதனைக்குத் தந்த சம்மதம் ஆபரேஷனுக்கு ஆகாது. டாக்டர் நல்லெண்ணத்தோடு செய்ததாக ஏற்றும்கூட, 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

நம் ஊரையே பாருங்கள். 1949-ல் ரமண மகரிஷிக்குக் கையில் புற்றுக்கட்டி. கையையே எடுத்துவிடலாம் என்றார்கள் டாக்டர்கள். அவர் வேண்டாம் என்றார். எடுக்கவில்லை. மகானுக்குக் கிடைத்த அந்த மரியாதை என் அம்மாவுக்கும் கிடைத்திருக்க வேண்டும் அல்லவா?

தம்பி தங்கைகளே, நாளை உங்கள் பாட்டியையோ அப்பாவையோ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவீர்கள். ஐந்து கேள்வி கேளுங்கள். என்ன நோய்? என்ன செய்யப் போகிறீர்கள்? அதில் என்ன ஆபத்து? வேறு வழி உண்டா? செய்யாவிட்டால் என்ன ஆகும்? சிகிச்சைப் பதிவேடுகளையும் கேட்டு வாங்குங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதிகள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தத் தாளை நோயாளிக்குத் தமிழில் படித்துச் சொல்லுங்கள். முடிவு அவருடையது. நாம் படித்த படிப்பு அதற்காவது உதவட்டும்.