ஒரு மொழி, பல செவிகள்

ஒரே தமிழை மதுரையில் ஒரு விதமாகவும் நெல்லையில் வேறு விதமாகவும் பேசக் கேட்கிறோம். ஆயினும் பொருள் விளங்காமல் எவரும் திகைத்து நிற்பதில்லை. புரியாத சொல்லைக் கேட்பவர் தம் அறிவினால் ஊகித்துக்கொள்கிறார். கணினிக்கு அத்தகைய ஊகம் கிடையாது.

இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல் மொழியை 1995-ஆம் ஆண்டில், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக் உருவாக்கினார். மறு ஆண்டே மைக்ரோசாப்ட் தன் உலாவியில் அதைப் போன்ற மற்றொன்றைச் சேர்த்தது. ஓர் உலாவிக்கென எழுதியது மற்றதில் ஓடாமற் போயிற்று. இப்பூசலைத் தீர்க்க, 1997-இல் எக்மா என்னும் அமைப்பு பொது இலக்கணம் ஒன்றை வெளியிட்டது. 2015 முதல் அவ்விலக்கணம் ஆண்டுதோறும் புதிய பதிப்புக் காண்கிறது. பழைய உலாவியோ, தான் பிறந்த நாளில் கற்றதோடு நின்றுவிடுகிறது.

இதன் விளைவை வண்டியூரில் ஒரு கணினி நிலையத்தில் கண்டேன். தேர்வுக்கு விண்ணப்பிக்க வந்த மாணவி ஒருத்தி, படிவத்தை நிரப்பிப் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் நிகழவில்லை. அன்றுதான் கடைசி நாள். தானே ஏதோ பிழை செய்துவிட்டதாக எண்ணி அவள் கலங்கினாள். பிழை அவளுடையதன்று. அக்கணினியில் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி. அதில் இயங்கும் கடைசிக் குரோம் உலாவி 2016-இல் வந்த 49-ஆம் பதிப்பு. பக்கத்தை எழுதியவரோ, 2017-ஆம் ஆண்டு இலக்கணத்தில் சேர்ந்த வாக்கிய அமைப்பைக் கையாண்டிருந்தார். அறியாத அமைப்பு ஒன்று எதிர்ப்பட்டால், உலாவி அந்நிரற்கோப்பு முழுவதையுமே தள்ளிவிடும். படிவத்தைக் காட்டுவது எச்.டி.எம்.எல். என்னும் வேறு மொழியாதலால், பக்கம் மட்டும் பழுதின்றித் தோன்றிற்று. அருகிலிருந்தவரின் புதிய கைபேசியில் அவள் விண்ணப்பம் சென்று சேர்ந்தது.

பழைய கணினியை மாற்றுவதே முறை என்பீர்கள். உண்மைதான், எக்ஸ்பிக்குரிய பாதுகாப்புத் திருத்தங்கள் 2014-இலேயே பொதுவாக நின்றுவிட்டன. ஆனால் கடைசி நாளன்று வந்து நிற்பவளிடம் அதைச் சொல்லிப் பயன் என்ன?

எழுதுவோர் கையில் இரண்டு வழிகள் உண்டு. புதிய இலக்கணத்தில் எழுதியதைப் பழையதாக மாற்றித்தரும் பேபெல் போன்ற கருவியைப் பயன்படுத்தலாம். அதனினும் நன்று, ஜாவாஸ்கிரிப்ட் இன்றியே செல்லும்படி படிவத்தை அமைப்பது. அனுப்பும் ஆற்றல் எச்.டி.எம்.எல்.லுக்கு இயல்பாகவே உண்டு. மெருகு அதன்மேல் ஏறட்டும்.

சித்திரையில் அழகர் மலையிலிருந்து இறங்கி வண்டியூர் வரை தாமே வருகிறார். பொதுமக்களுக்கான பக்கங்களை எழுதுவோரும் அவ்வளவு தூரம் இறங்கி வருதல் வேண்டும்.