குடிலுக்குள் ஒரு பொறிவண்டு



பசுமைக்குடில் காய்கறிகளில் உயிரியல் முறைப் பூச்சிக் கட்டுப்பாடு பற்றிப் பேசக் கொடைக்கானலுக்கு வந்திருக்கிறோம். இந்த மலைக்கு அந்தப் பேச்சில் பழைய பாத்தியதை உண்டு. 1898இல் எச்.ஓ. நியூபோர்ட் என்ற காப்பித் தோட்டக்காரர் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பொறிவண்டை வரவழைத்துப் பழனி மலைக் காப்பியில் விட்டார். பெயர் கிரிப்டோலீமஸ் மான்ட்ரூசியரி. காப்பிச் செடியின் பச்சைச் செதில்பூச்சியைத் தின்னட்டும் என்பது அவர் கணக்கு. வண்டு அந்தக் கணக்குக்குக் கட்டுப்படவில்லை, செதில்பூச்சி அடங்கவில்லை. ஆனால் வந்த வண்டு இந்த நாட்டிலேயே தங்கி, மாவுப்பூச்சியைத் தேடித்தேடித் தின்னக் கற்றது. இன்று ஆய்வகங்களில் அதைப் பெருக்கித் திராட்சைக்கும் கொய்யாவுக்கும் விடுகிறோம். கூப்பிட்ட வேலையைச் செய்யாமல், கூப்பிடாத வேலையை ஒழுங்காகச் செய்த ஆள் அது.

இந்த வண்டோடு எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு குடைமிளகாய்க் குடிலைப் பார்க்கப் போனேன். காம்பு இடுக்கில் பஞ்சு பஞ்சாக வெள்ளை. மாவுப்பூச்சி ஏறிவிட்டது, சோப்புக் கரைசல் அடித்துவிடுங்கள் என்றேன். பறித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் நிமிர்ந்து, "சார், இது ஓடுதுங்களே. மாவுப்பூச்சி இப்படி ஓடாதுங்க" என்றார். லென்ஸை வைத்துப் பார்த்தேன். மெழுகு இழைகளுக்கு அடியில் சுறுசுறுப்பான கால்கள். நாங்களே இரண்டு வாரம் முன்பு விட்ட பொறிவண்டின் புழு! தின்கிற புழுவுக்கும் தின்னப்படுகிற பூச்சிக்கும் ஒரே வெள்ளைச் சட்டை. அன்று என் பேச்சைக் கேட்டிருந்தால், காசு கொடுத்து வாங்கிய காவல்காரனை நானே கழுவிவிட்டிருப்பேன்.

இங்கிலாந்திலும் கதை இப்படித்தான் தொடங்கியது. 1926இல் ஒரு தக்காளி விவசாயி, இலையடியில் வெளுத்திருக்க வேண்டிய வெள்ளை ஈக் கூட்டுப்புழுக்கள் சில கறுத்திருப்பதைப் பூச்சியியலாளர் ஸ்பையரிடம் காட்டினார். உள்ளே இருந்தது என்கார்சியா ஃபார்மோசா என்ற சிறு குளவி. கண்ணாடிக் குடில்களுக்கு அதை வளர்த்து அனுப்பும் வழக்கம் அங்கிருந்து பிறந்தது. போருக்குப் பின் டி.டி.டி. வந்து குளவியை மறக்கடித்தது. மருந்துக்குப் பூச்சிகள் மசியாமல் போனபின் மறுபடி அதைத் தேடினார்கள்.

ஆனால் எந்தப் பூச்சியை எப்போது விடுவது என்று நெதர்லாந்துக் கண்ணாடிக் குடிலுக்கு எழுதிய அட்டவணையை இந்த மலையின் மன்னவனூருக்குப் பெயர்த்துக் கொண்டுவருவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் குடிலில் வெப்பமும் ஈரமும் கருவி சொன்னபடி கேட்கும். நம் குடில் பாலித்தீன் கூரையும் வலைச் சுவரும்தான். மதியம் உள்ளே புழுக்கம், விடியற்காலையில் கம்பளி தேடும் குளிர். கிரிப்டோலீமஸ் குளிரில் சுணங்கிவிடும். பனிக்காலத்தில் அதை அவிழ்த்துவிட்டு வேலை செய்யவில்லை என்று திட்டுவதில் பொருளில்லை. முட்டைக்கோசின் வைரமுதுகு அந்துப்பூச்சியைத் தாக்கும் டயடெக்மா குளவி நேர்மாறு. நீலகிரிக் குளிரில் நிலைத்துவிட்ட அது, சமவெளி வெயிலில் தாங்காது. ஒரே மலைச்சரிவில் வெளியே முட்டைக்கோசு, உள்ளே குடைமிளகாய். எதற்கு எந்தக் காவல், எந்த மாதத்தில் என்பதை இங்கேயே, இந்த உயரத்திலேயே பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. வலைக்கு வெளியே பக்கத்துத் தோட்டத்தில் வாரம் ஒருமுறை மருந்து அடித்தால், உள்ளே விட்ட வண்டுக்கும் அந்தச் சாரல் படும். இதைக் குடிலுக்குள் மட்டும் ஆய்வு செய்து தீர்க்க முடியாது. அக்கம்பக்கத்துக்காரர்களும் ஒத்துவர வேண்டும். அது பூச்சியியலைவிடக் கடினமான வேலை என்று அனுபவஸ்தர்கள் சொல்வார்கள்.

நிகழ்ச்சி நிரலைப் புரட்டினேன். கட்டுரை படிப்பவர்களில் விவசாயி ஒருவரும் இல்லை. ஆகவே இந்தக் கருத்தரங்கின் தலைவர் என்ற உரிமையில் சிறு மாற்றம் செய்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பின் உள்ள அமர்வு இந்த அரங்கில் நடக்காது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஆளுக்கு ஒன்று தருகிறோம். வேன் இரண்டு மணிக்குக் கிளம்பும். குடிலில் பறிக்கிற பெண்கள் முதலில் பேசுவார்கள். நாம் இலையைத் திருப்பிப் பார்த்தபடி கேட்போம்.