மருந்து போட்டும் புழு துள்ளுதே!

(லயக் குடும்பங்கள் கூடிய சந்திப்பில் எமது குழு ஆற்றிய உரை)



அண்மையில் ஒரு லயத்துக்குப் போயிருந்தோம். டெங்குக்காகத் தண்ணீர்த் தொட்டியில் மருந்து போட்டு நான்கு நாள். "எட்டிப் பாருங்க, புழு துள்ளிக்கிட்டுத்தானே கெடக்கு! ஏமாத்து மருந்து" என்று ஓர் அம்மா சத்தம் போட்டார். வீட்டுக்காரர் தேயிலைக்கு அடிக்கிற மருந்தில் ஒரு மூடி ஊற்றத் தயாராக நின்றார். அந்தத் தொட்டித் தண்ணீரில்தான் ஆறு வீட்டுக்கும் சோறு வேகிறது. நல்ல வேளை, கையைப் பிடித்துக்கொண்டோம்.

அங்கே போட்டிருந்தது பைரிப்ரொக்சிஃபென். அது புழுவை உடனே கொல்லாது. புழுவின் உடம்பில் ஓமோன் என்றொரு சுரப்பு உண்டு. "நீ இன்னும் சின்னப்பிள்ளைதான்" என்று அது சொல்லிக்கொண்டிருக்கும். காலம் வந்ததும் அது குறைந்தால்தான் நுளம்பு உருவாகும். இந்த மருந்து அந்த ஓமோனைப் போலவே நடிக்கிறது. ஆகவே புழு தின்னும், துள்ளும், கூட்டுப்புழுவாகவும் மாறும். நுளம்பாக வெளியே வர முடியாமல் கூட்டுக்குள்ளேயே செத்துப்போகும்.

இந்த மாதிரிப் பொருள் ஒன்று கடதாசியில் அகப்பட்ட கதையும் உண்டு. 1960களில் செக்கோஸ்லோவாக்கியா விஞ்ஞானி கரெல் ஸ்லாமா தன் பூச்சிகளை அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார். அங்கே அவை முழுப் பூச்சியாக வளரவே இல்லை. தேடிப் பார்த்தால், அடியில் விரித்த கடதாசிதான் காரணம். அது செய்த மரத்திலேயே அந்தப் பொருள் இருந்திருக்கிறது!

எங்கள் நாட்டிலும் பரீட்சித்தார்கள். எலஹெர பக்கம் மாணிக்கக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் மலேரியா நுளம்பு பெருகியது. எட்டுக் கிராமங்களை எடுத்து, நான்கில் மட்டும் இந்த மருந்தைப் போட்டார்கள். அந்த நான்கில் மலேரியா மற்ற நான்கில் இருந்ததின் காற்பங்களவுக்கு இறங்கியதாக 2001இல் வெளியான ஆய்வு சொல்கிறது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடானது. டெங்கு மட்டும் விட்டபாடில்லை.

அளவு மிகச் சொற்பம். குடிதண்ணீர் 1000 லீற்றருக்கு, நூற்றுக்கு அரை வீதம் மருந்துள்ள குருணை 2 கிராம்தான். "கூடப் போட்டா நல்லாத்தானே கேக்கும்" என்று நாமாக அள்ளிப் போடக்கூடாது, அது பி.எச்.ஐ. ஐயாவின் வேலை. என்ன மருந்து போட்டார் என்றும் அவரிடமே கேளுங்கள். ஏபேட் என்றால் ஓரிரு நாளில் புழு செத்துக் கிடக்க வேண்டும். அதற்குக் கணக்கு வேறு. வாராவாரம் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுகிற பீப்பாவுக்கு எந்த மருந்தும் தேவையில்லை.

சந்தேகப்படுகிறவர்கள் தொட்டித் தண்ணீரோடு பத்துப் புழுவைப் போத்தலில் பிடித்து, வாயை மெல்லிய துணியால் கட்டி வையுங்கள். பத்து நாள் பிள்ளைகள் பார்க்கட்டும். நுளம்பு பறந்தால் போத்தலோடு டிஸ்பென்சரிக்கு வாருங்கள், பி.எச்.ஐ. ஐயாவைக் கூப்பிட்டுத் தொட்டியைத் திரும்பப் பார்க்கச் சொல்லுவோம்.