ஒரே கேமரா, இரண்டு வேலை: பதிவு எங்கே போனது?



இன்று தாமான்களில் எந்த வரிசை வீட்டைப் பார்த்தாலும் கேட்டுக்கு மேலே ஒரு கண்காணிப்புக் கேமரா, பின்வாசலில் ஒன்று என்று மாட்டியிருக்கிறார்கள். சிலர் மாதச் சந்தா கட்டாமல், வீட்டிலிருக்கும் கணினியிலேயே மென்பொருளைப் போட்டுத் தாங்களே பதிவு செய்கிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால், திருட்டு நடந்த பிறகு தேடிப் பார்த்தால் அந்த நாளின் பதிவே இல்லை என்றால் எப்படி இருக்கும்? கேமரா பழுதாகாமலேயே இப்படி நடக்கலாம். அதற்கு ஒரு காரணம், ஒரே கேமராவை மென்பொருளில் இரண்டு முறை சேர்த்து வைப்பது.

ஏன் இரண்டு முறை சேர்க்கிறார்கள்? அதற்கு நியாயமான தேவை உண்டு. முன்வாசல் கேமராவில் கேட்டும் தெரியும், கார் நிறுத்துமிடமும் தெரியும், சாலையும் தெரியும். பகலில் சாலையில் போகும் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளுக்கும் கைத்தொலைபேசி அலறினால் யாரால் தாங்க முடியும்? எனவே பகலுக்குக் கேட்டை மட்டும் கவனிக்கும் ஒரு நகல், இரவுக்குச் சாலை வரை கவனிக்கும் இன்னொரு நகல் என்று வைத்துக்கொள்கிறார்கள். இதில் தவறே இல்லை. அந்த நகலை எப்படி உருவாக்குகிறோம் என்பதுதான் கேள்வி.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். விநாடிக்கு 4 மெகாபிட் அனுப்பும் ஒரு கேமரா, இடைவிடாமல் பதிவு செய்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 43 ஜிகாபைட் பிடிக்கும். நான்கு கேமராவுக்கு 173 ஜிகாபைட். 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க் இருந்தால் 11 நாள் பதிவு தங்கும். இடம் நிரம்பியதும் பழையது தானாக அழிந்து, புதியது அதன் மேல் ஏறும். இப்போது நான்கு கேமராவுக்கும் ஒவ்வொரு நகல் போட்டு, நகலும் முழு நேரம் பதிவு செய்தால்? 11 நாள், 6 நாளுக்கும் குறைந்துவிடும்.

தீபாவளி விடுமுறைக்குக் கிள்ளானிலிருந்து சுங்கைப் பட்டாணிக்கு ஒரு வாரம் போகிறீர்கள். புறப்பட்ட அன்றிரவே வீடு உடைக்கப்படுகிறது. திரும்பி வந்து பார்க்கும்போது அந்த இரவு அழிந்திருக்கும். மிச்சமிருப்பது வெறும் வீட்டின் படம், அதுவும் இரண்டு பிரதி!

இதைத் தவிர்க்க மூன்று விதிகளை நினைவில் வையுங்கள்.

முதலாவது, படத்தை ஒரே முறை வாங்குங்கள். தொலைக்காட்சி நிலையத்தில் ஒரு கேமராவின் படம் இயக்குநர் திரைக்கும் போகும், பதிவுக் கருவிக்கும் போகும். அதற்காகக் கேமராவை இரண்டாக்குவதில்லை. வந்த படத்தைப் பிரித்துக் கொடுக்கிறோம். வீட்டிலும் அதே முறைதான். ப்ளூ ஐரிஸ் மென்பொருளில் அதே கேமராவை அதே முகவரி, அதே அமைப்புகளுடன் மறுபடி சேர்த்தால், அதை நகல் என்று கண்டுகொண்டு ஒரே ஸ்ட்ரீமைப் பகிர்ந்துகொள்ளும். இலவச மென்பொருளான ஃப்ரிகேட்டில், 2023 முதல் உள்ளடங்கி வரும் கோ2ஆர்டிசி இந்த வேலையைச் செய்யும். கேமராவிடம் ஒரு முறை வாங்கி, கேட்பவருக்கெல்லாம் பங்கிட்டுத் தரும். இல்லையென்றால் வைஃபை திணறும், கணினி சூடேறும், படம் விட்டுவிட்டு வரும்.

இரண்டாவது, ஒரே இடத்தில் மட்டும் முழுப் பதிவு செய்யுங்கள். அசல் 24 மணி நேரமும் பதியட்டும். நகல் எச்சரிக்கை மட்டும் தரட்டும். பெரும்பாலான கேமராக்கள் 'மெயின் ஸ்ட்ரீம்' என்ற தெளிவான படத்தையும் 'சப் ஸ்ட்ரீம்' என்ற சிறிய படத்தையும் சேர்ந்தே தருகின்றன. 4கே படத்தில் ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். 640க்கு 360 அளவுள்ள சிறிய படத்தில் 2,30,400 புள்ளிகள்தாம். அதாவது 36இல் ஒரு பங்கு. ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கச் சிறிய படமே பெரும்பாலும் போதும். முகத்தை அடையாளம் காணப் பெரிய படம் வேண்டும். எனவே கவனிக்கச் சிறியது, பதிவு செய்யப் பெரியது.

மூன்றாவது, ஒரு நிகழ்வுக்கு ஒரே எச்சரிக்கை. இரண்டு நகலும் சேர்ந்து கூப்பிட்டால் இரண்டாவது வாரமே வீட்டில் யாராவது சத்தத்தை நிறுத்திவிடுவார்கள். உண்மையான ஆபத்து வரும் நாளில் அது ஊமையாகக் கிடக்கும். பகல் நகல் பகலுக்கு, இரவு நகல் இரவுக்கு என்று நேரம் பிரித்து, 'முன்வாசல் பகல்', 'முன்வாசல் இரவு' என்று பெயரும் வைத்துவிடுங்கள்.

நேயர்களே, இன்றிரவே மூன்று சோதனை செய்யுங்கள். பதிவில் இருக்கும் மிகப் பழைய தேதி எது என்று பாருங்கள்; நீங்கள் வெளியூரில் தங்கும் நாளைவிட அது அதிகமாக இருக்க வேண்டும். நீங்களே கேட்டருகே நடந்து பாருங்கள். கைத்தொலைபேசி ஒரு முறைதான் ஒலிக்க வேண்டும். அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். உங்கள் முகம் தெரிய வேண்டும்.

இந்த மூன்றும் சரியாக இருந்தால், கவலையின்றி வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பலாம்.