போர்வீரருக்கு ஊர் எது?

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

   

சென்ற பொங்கல் விழாவின்போது, நம் குடியிருப்பில் வாழும் ஹவில்தார் ஒருவரின் மனைவியார் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, என் கணவரைப் பதினான்கு ஆண்டுகளில் ஆறு ஊர்களுக்கு மாற்றிவிட்டார்கள். என் அக்காள் மகன் அமெரிக்கத் தரைப்படையில் இருக்கிறான். அவனும் இப்படியே மாநிலம் மாநிலமாகப் போகிறான். எந்த மாநிலத்துக்கு வருமான வரி கட்டுவது என்று தெரியாமல் திண்டாடுகிறானாம். படையில் இருப்பவர்களுக்கு ஊர் எதுதான் ஐயா?" என்றார். கேட்டவர் எளிதாகக் கேட்டுவிட்டார். விடை சொல்லத்தான் நமக்கு நாளாயிற்று. அந்த விடையையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறோம்.

முதலில் அக்காள் மகனின் கதையைப் பார்ப்போம். அமெரிக்க நாட்டில் வருமான வரி இரண்டு படிகளை உடையது. மத்திய அரசின் வரி எல்லார்க்கும் பொது. அதற்குமேல், மாநிலங்களும் தத்தம் சட்டப்படி வரி விதிக்கலாம். டெக்ஸாஸ், புளோரிடா போன்ற சில மாநிலங்கள் சம்பளத்தின்மீது வரி விதிப்பதில்லை. கலிபோர்னியா, நியூயார்க் போன்றவையோ கணிசமாகவே விதிக்கின்றன. வேலை தேடி ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயரும் குமாஸ்தா, புதிய மாநிலத்தின் வரிக்கு உட்படுகிறார். அது நியாயமே, அவர் தம் விருப்பப்படி சென்றவர். ஆனால் படைவீரர் விருப்பப்படியா செல்கிறார்? ஆணை வருகிறது, பெட்டியைக் கட்டுகிறார்.

இந்த வேற்றுமையை அந்நாட்டுச் சட்டம் உணர்ந்திருக்கிறது. போர்வீரர், கடற்படையினர் நலனுக்காக 1940ஆம் ஆண்டு ஒரு சட்டம் பிறந்தது. 1942ஆம் ஆண்டு அதில் ஒரு விதி சேர்க்கப்பட்டது. படை ஆணையால் ஓரிடத்தில் தங்குவதனாலேயே ஒருவர், வரியைப் பொறுத்தவரை, தம் பழைய வதிவிடத்தை இழப்பதில்லை. புதிய வதிவிடத்தைப் பெறுவதும் இல்லை என்பதே அதன் சாரம். ஆகவே அவருடைய படைச் சம்பளத்துக்கு வரி கேட்கும் உரிமை அவருடைய சொந்த மாநிலத்துக்கே உண்டு. முகாமிட்டிருக்கும் மாநிலத்துக்கு இல்லை.

இவ்விதி நீதிமன்றத்திலும் சோதிக்கப்பட்டது. லூயிசியானாவைச் சேர்ந்த விமானப்படை அதிகாரி ஒருவர், ஆணையின்படி கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் வாடகை வீட்டில் வாழ்ந்தார். அவ்வீட்டிலிருந்த தட்டுமுட்டுச் சாமான்களுக்காக அந்நகரம் அவரிடம் 23 டாலர் 51 சென்ட் வரி கேட்டது. தொகை சிறிது, ஆயினும் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. அவருடைய சொந்த மாநிலம் அப்பொருள்களுக்கு வரி விதிக்காவிட்டாலுங்கூட டென்வர் விதிக்க முடியாது என்று 1953ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது.

மனைவியரின் நிலை நெடுங்காலம் வேறாக இருந்தது. கணவருடன் சென்று புதிய மாநிலத்தில் ஆசிரியையாகவோ செவிலியாகவோ பணி செய்தால், அம்மாநிலம் அவர் சம்பளத்துக்கு வரி கேட்கும். 2009ஆம் ஆண்டுச் சட்டம் இக்குறையைப் பெரிதும் போக்கியது; 2018இலும் 2023இலும் வந்த திருத்தங்கள் மேலும் வழிவிட்டன. இப்பொழுது கணவரின் வதிவிடம், மனைவியின் வதிவிடம், பணியிடம் ஆகிய மூன்றில் ஒன்றை வரிக்காக இருவரும் தேர்ந்துகொள்ளலாம்.

ஆயின், இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. வரி இல்லை என்பதற்காக, ஒருநாளும் வாழ்ந்திராத டெக்ஸாஸை ஒருவர் தம் சொந்த மாநிலம் என்று எழுதிவிட முடியாது. அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். திரும்பும் எண்ணமும் வேண்டும். எண்ணத்துக்குச் சாட்சி எது? வாக்காளர் பதிவு, ஓட்டுநர் உரிமம், வண்டியின் பதிவு, சம்பள அலுவலகத்தில் கொடுத்த வதிவிடப் படிவம் ஆகியவையே. இவற்றில் ஒன்று ஒரு மாநிலத்தையும் மற்றொன்று வேறு மாநிலத்தையும் சொன்னால் இரண்டு மாநிலங்களும் கணக்குக் கேட்கக்கூடும். மேலும், ஓய்வு நேரத்தில் முகாமுக்கு வெளியே வேறு வேலை பார்த்து ஈட்டும் பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே அந்தப் பிள்ளைக்கு நாம் சொல்லி அனுப்பியது இதுதான்: "தம்பி, உன் காகிதங்கள் எல்லாம் ஒரே ஊரைச் சொல்லுகின்றனவா என்று முதலில் பார்."

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே வருமான வரி மத்திய அரசுக்கே உரியது. விவசாய வருமானத்தின்மீது வரி விதிக்கும் அதிகாரம் மட்டுமே மாநிலங்களுக்கு உண்டு. ஆகவே நம் ஹவில்தாரிடம் எந்த மாநிலமும் வந்து, "சம்பளத்துக்கு வருமான வரி கொடு" என்று கேட்பதில்லை. மாநிலங்கள் வாங்கும் தொழில் வரிக்கும் அரசியலமைப்பு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று எல்லை கட்டியிருக்கிறது. மகாராஷ்டிரத்தின் 1975ஆம் ஆண்டுச் சட்டம் அங்குப் பணிபுரியும் முப்படையினருக்கு அதிலிருந்தும் விலக்களிக்கிறது.

அப்படியானால் அந்த அம்மையாரின் கேள்விக்கு இங்கே பொருள் இல்லையா? உண்டு. வரியில் எழாத கேள்வி இங்கே வாக்கில் எழுகிறது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் என்ன சொல்லுகிறது? படையில் சேராதிருந்தால் ஒருவர் எத்தொகுதியில் வாழ்ந்திருப்பாரோ, அத்தொகுதியிலேயே அவர் வாழ்வதாகக் கொள்ளப்படும் என்கிறது. உடன் வாழும் மனைவிக்கும் அவ்வுரிமை உண்டு. படையில் பணிபுரியும் பெண்ணின் கணவருக்கு அது நெடுநாள் இல்லாதிருந்தது; 2021ஆம் ஆண்டுத் திருத்தம் அக்குறையையும் நீக்கியது.

வாக்களிக்கும் வழியும் இன்று எளிதாகியிருக்கிறது. படைவீரர் தம் தொகுதியில் உள்ள நம்பிக்கையான ஒருவரைத் தமக்குப் பதிலாக வாக்களிக்க நியமிக்கலாம் என்று 2003ஆம் ஆண்டு வகை செய்யப்பட்டது. வாக்குச்சீட்டை மின்னணு வழியில் அனுப்பி, தபாலில் திரும்பப் பெறும் முறை 2016ஆம் ஆண்டு புதுச்சேரியின் நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில் தொடங்கிற்று. இத்தனையும் இருந்தும், படிவம் 2ஐ நிரப்பித் தம் பிரிவின் வழியாக அனுப்பாதவருக்குச் சேவை வாக்காளர் பட்டியலில் இடம் கிடைக்காது. அம்மையாரின் வீட்டில் நேர்ந்ததும் அதுவே. ஆறு ஊர்கள் மாறிய கணவரும் மனைவியும் ஒரு தேர்தலிலாவது வாக்களித்ததில்லை. படிவத்தை இந்தப் பொங்கலுக்குப் பின்புதான் எழுதினார்கள். ஊர் அவர்களை மறக்கவில்லை. அவர்கள்தாம் ஊருக்கு எழுத மறந்திருந்தார்கள்.

இறுதியாக, சீருடை அணியாத நமக்கும் ஒரு சொல். நாம் ஆணையால் வந்தவர்கள் அல்லோம். பிழைப்பை நாடி விரும்பி வந்தவர்கள். திருநெல்வேலியிலோ தஞ்சையிலோ ஒரு வீடு இருக்கிறது என்பதனால் மட்டும் நாம் அங்கே வாழ்பவர் ஆகிவிடமாட்டோம் என்று அதே சட்டம் கூறுகிறது. இரண்டு தொகுதிகளில் பெயர் வைத்திருக்கவும் அது இடங்கொடுப்பதில்லை. நாம் தண்ணீர் குடிப்பதும், பிள்ளைகளைப் படிக்கவைப்பதும் இந்த ஊரில். ஆகவே நம் வாக்கும் கடமையும் இந்த ஊருக்கே உரியவை. சொந்த ஊரை நெஞ்சில் வைத்துக்கொள்வோம். பெயரை இங்கே பதிந்துகொள்வோம்.

ஆணையால் சென்றவரின் ஊரைச் சட்டம் காத்து நிற்கிறது. விரும்பி வந்தவருக்கு வந்த ஊரே ஊர். இருவரும் இன்று இரவு வீடு சென்றதும் தம் காகிதங்களை ஒருமுறை எடுத்துப் பார்ப்பார்களாயின், இவ்வுரையின் பயன் நிறைவேறியதாகக் கருதுவோம்.