பெரிய கம்பனிகளும் நமது சேமிப்பும்



மதுரங்குளியிலிருந்து புத்தளம் நோக்கிச் செல்பவர்கள் பாலாவிச் சந்தியில் இடப்புறம் திரும்பினால், அந்தத் தெரு அவர்களைக் கற்பிட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்கே 1667 ஆம் ஆண்டுக்கும் 1676 ஆம் ஆண்டுக்கும் இடையில் எழுந்த கோட்டையொன்று நிற்கின்றது. ஒல்லாந்தர் கோட்டை என்று நாம் வழங்கினாலும், அதனைக் கட்டுவித்தது ஒரு வியாபாரக் கம்பனியே. 1602 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி, பொதுமக்களுக்குப் பங்குகளை விற்று மூலதனம் திரட்டியது. அப்பங்குகள் அம்ஸ்டர்டாம் நகரிலே கைமாறத் தொடங்கின. பங்குச் சந்தை என்பதன் தொடக்கம் அதுவே எனலாம். 1610 இல் அக்கம்பனி பங்காளருக்கு வழங்கிய முதற் பங்கிலாபம் காசாக இருக்கவில்லை; சாதிபத்திரியாக இருந்தது! பின்னர் இலங்கைக் கறுவாவும் அதன் செல்வத்தைப் பெருக்கிற்று. அத்தகைய கம்பனியும் 1799 இன் இறுதியில் மறைந்துபோயிற்று.

உலகின் மிகப் பெரிய கம்பனி எது என்ற கேள்விக்கு இன்று சந்தைப் பெறுமதியைக் கொண்டே விடை கூறுகின்றனர். அப்பெறுமதி எவ்வாறு கணிக்கப்படுகின்றது? தென்னந்தோட்டமொன்றை நூறு பங்காக்கி, நூறு பேர் வைத்திருப்பதாகக் கொள்வோம். ஒருவர் தமது பங்கைப் பத்தாயிரம் ரூபாவுக்கு விற்றால், முழுத் தோட்டமும் பத்து இலட்சம் பெறும் என்று கணக்கிடுவர். அருகிலே தும்பு ஆலை வரப்போவதாகப் பேச்சு எழுகின்றது. மறுநாள் இன்னொருவர் இருபதினாயிரத்துக்கு விற்கின்றார். தோட்டத்தின் பெறுமதி உடனே இருபது இலட்சமாகிவிடும். ஒரு தேங்காயேனும் கூடுதலாகக் காய்த்ததா? இல்லை. ஆலை உண்மையாகவே வந்தால் அந்த விலை நியாயமாகலாம். வராவிட்டால் கடைசியாக வாங்கியவர் நட்டமடைவார். சந்தைப் பெறுமதி என்பது நாளைய வருமானத்தைப் பற்றிய இன்றைய நம்பிக்கையின் விலை.

அந்த நம்பிக்கை காலத்துக்குக் காலம் இடம் மாறியிருக்கின்றது. 1901 இல் அமெரிக்க உருக்குக் கம்பனி 140 கோடி டொலர் மூலதனத்துடன் எழுந்தபோது உலகம் வியந்தது. பின்னர் மோட்டார் வாகனம், தொலைபேசி, எண்ணெய் ஆகியவற்றின் கம்பனிகள் முன்னணிக்கு வந்தன. 1980களின் இறுதியில் ஜப்பானியத் தொலைபேசிக் கம்பனியும் ஜப்பானிய வங்கிகளும் முதலிடங்களைப் பிடித்தன. அந்நாட்டின் பங்குச் சுட்டெண் 1989 டிசம்பரில் உச்சம் தொட்டது; மீண்டும் அவ்வுயரத்தை எட்டியது 2024 பெப்ரவரியிலேதான். அந்த உச்சத்திலே வாங்கிய இளைஞரொருவர் முதுமையடையும் காலம் அது!

2011 இல் அப்பிள் கம்பனி எண்ணெய்க் கம்பனியான எக்ஸோன் மொபிலை முந்தியது. 2018 இல் அதன் பெறுமதி ஓர் இலட்சம் கோடி டொலரைக் கடந்தது. 2025 ஒக்டோபரில் என்விடியா என்னும் கம்பனி 5 இலட்சம் கோடி டொலரை எட்டியது. செயற்கை நுண்ணறிவுக்கு வேண்டிய சில்லுகளை அது வடிவமைக்கின்றது. அவற்றுள் மிகுதியானவற்றை உருவாக்குவதோ தைவான் நாட்டுக் கம்பனியொன்று. மற்றொரு போக்கையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் 500 பெரிய கம்பனிகளைக் கொண்ட சுட்டெண்ணில், 2024 இன் இறுதியில் முதற் பத்துக் கம்பனிகளே மூன்றிலொரு பங்குக்கு மேல் வகித்தன. பாரம் சில தூண்களின்மீதே ஏறியிருக்கின்றது.

இவற்றுக்கும் மதுரங்குளிக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வினவலாம். தும்பு ஆலையிலோ உப்பளத்திலோ சம்பளத்துக்கு வேலைசெய்யும் ஒருவருக்காக ஊழியர் சேமலாப நிதிக்குப் பணம் செல்கின்றது. 1958 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி, சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதத்தை அவரும் 12 வீதத்தைத் தொழில் கொள்வோரும் செலுத்துகின்றனர். மத்திய வங்கி நிருவகிக்கும் அந்நிதியின் பெரும்பகுதி அரசாங்கப் பிணையங்களில் இடப்பட்டாலும், ஒரு பகுதி கொழும்புச் சந்தையிலே பங்குகளாக இருக்கின்றது. ஆகவே, பங்குத் தரகரை ஒருநாளும் கண்டிராத தொழிலாளியும் ஒருவகையிற் பங்காளியே.

கொழும்புச் சந்தையின் வரலாறு 1896 இல் தொடங்கியது. ஆயினும் 2022 ஏப்ரிலில், பொருளாதார நெருக்கடியின்போது, அச்சந்தை ஐந்து நாள் மூடப்பட்டது. பங்கு இருந்தது, விற்க இடமில்லை. அவசரத் தேவைக்குரிய பணத்தைப் பங்குகளில் இடலாகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

எனவே, உலகில் முதலாவது என்ற புகழைக் கேட்டு எவரும் பணத்தைக் கொடுத்துவிடலாகாது. அக்கம்பனி ஆண்டுதோறும் எவ்வளவு சம்பாதிக்கின்றது, அச்சம்பாத்தியத்துக்கு நாம் எத்தனை மடங்கு விலை கொடுக்கின்றோம், விலை பாதியாகிவிட்டால் நம் வீட்டு அடுப்பு எரியுமா என்ற மூன்று கேள்விகளையும் முதலிற் கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டம் வாங்குபவர் மரத்தையும் காயையும் எண்ணிப் பார்ப்பதுபோல, பங்கு வாங்குபவரும் கணக்கைப் பார்க்க வேண்டும்.